ஈறு நோய்க்கு ஆழ்சுத்தச் சிகிச்சை: முதல் அளவெடுப்பிலிருந்து மூன்றாம் மாதப் பரிசோதனை வரை

பல் துலக்கித் துப்பும்போது எச்சிலில் இரத்தம் கலந்து வருவதை ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருப்பவர்கள் நம்மிடையே ஏராளம். வலி இல்லாததால் அதை நோய் என்று கருதாமல், உடற்சூடு என்றும் பிரஷ் குத்திவிட்டது என்றும் காரணம் சொல்லிக் கடந்துவிடுகிறோம். பல் ஆடத் தொடங்கிய பிறகு மருத்துவரிடம் போகும்போது, பல்லைத் தாங்கும் எலும்பு பெரும்பாலும் கணிசமாகக் கரைந்திருக்கும். முதல் இரத்தத்துக்கும் முதல் ஆட்டத்துக்கும் இடைப்பட்ட அந்த நீண்ட காலத்தில்தான், ஈறுக்கு அடியில் பல்லின் வேரில் படிந்ததைச் சுரண்டி அகற்றும் ‘டீப் கிளீனிங்’ எனப்படும் ஆழ்சுத்தச் சிகிச்சை மிகச் சிறப்பாகப் பலிக்கும். இதைக் குறித்து நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான்: இது மில்லிமீட்டரில் அளந்து தொடங்கி, மில்லிமீட்டரில் அளந்து முடிக்க வேண்டிய மருத்துவம். அளவுகள் எழுதப்படாமல் செய்யப்படும் ஆழ்சுத்தம் தேவைப்பட்டதா, பலன் தந்ததா என்பதை யாராலும் சொல்ல முடியாது.

ஈறுக்கு அடியில் நடப்பது என்ன

சுத்தமாகத் துலக்கிய பல்லின்மேல் சில மணி நேரத்திலேயே கிருமிகள் மெல்லிய, பிசுபிசுப்பான படலமாகப் படியத் தொடங்கும். இதை அன்றாடம் அகற்றாவிட்டால் எச்சிலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் இறங்கிக் கெட்டியாக்கிவிடும், அதுவே காரை. காரை ஆன பிறகு எந்தப் பிரஷ்ஷாலும் அதைப் பெயர்க்க முடியாது. அதன் சொரசொரப்பான மேற்பரப்பு புதிய கிருமிப்படலத்துக்கு வசதியான இருப்பிடமாகவும் ஆகிவிடுகிறது.

ஹரால்டு லோ என்ற பல் மருத்துவ ஆய்வாளர் 1965இல் டென்மார்க்கில் 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொல்லிக் கவனித்தார். 10 முதல் 21 நாள்களுக்குள் எல்லோருக்குமே ஈறு சிவந்து வீங்கியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. ஈறு அழற்சி என்னும் முதற்கட்டம் முழுமையாகக் குணமாகக்கூடியது என்பதற்கு இன்றும் காட்டப்படும் சான்று இதுதான்.

அதே லோவும் அவருடைய குழுவினரும் 1970இல் இலங்கையின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களான 480 ஆண்களைப் பரிசோதிக்கத் தொடங்கி, 15 ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்தனர். அவர்களுக்குப் பல் மருத்துவம் கிடைத்ததில்லை. பிரஷ் பிடித்துப் பல் துலக்கும் வழக்கமும் இல்லை. எல்லோர் வாயிலும் படலமும் காரையும் மண்டியிருந்தன. ஆயினும் 8 விழுக்காட்டினருக்கு நோய் மிக வேகமாக முற்றியது. 81 விழுக்காட்டினருக்கு நிதானமாக முன்னேறியது. 11 விழுக்காட்டினருக்கு ஈறு அழற்சியைத் தாண்டிப் போகவே இல்லை. 1986இல் வெளியான இந்த முடிவை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. ஒரு நாள்கூட மருத்துவரைப் பார்க்காத அந்த மலையகத் தொழிலாளர்களின் வாயிலிருந்துதான், சிகிச்சையே பெறாவிட்டால் ஈறு நோய் எப்படிப் போகும் என்பதை உலகம் கற்றுக்கொண்டது. அவர்கள் இழந்த பற்களுக்கு ஈடாக எதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பது மனத்தை உறுத்துகிறது.

அழற்சி நீடித்தால், பல்லோடு ஒட்டியிருக்கும் ஈறு மெல்ல விலகி, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே ஒரு பை உருவாகிறது. மருத்துவர்கள் ‘பாக்கெட்’ என்பார்கள். இங்கே ஈறுப்பை என்று அழைப்போம். பிரஷ்ஷின் முனையோ வாய் கொப்பளிக்கும் நீரோ அதன் அடிக்குப் போகாது. காற்று குறைந்த அந்த இடத்தில், காற்றில்லாமலே வாழும் கிருமிகள் பெருகுகின்றன. அவற்றோடு போராடும் நம் உடலின் எதிர்வினையே பக்கத்து எலும்பைக் கரைத்துவிடுகிறது. கரைந்த எலும்பு தானாக வளர்ந்து பழைய உயரத்துக்கு வராது. ஆகவே ஆழ்சுத்தத்தின் நோக்கம், இருக்கும் எலும்பைக் காப்பாற்றி நோயை நிறுத்துவது.

முதல் படி: அளவெடுத்தல்

சிகிச்சை முழுவதும் இந்தப் படியின் மேல்தான் நிற்கிறது. அவசரமாகத் தாண்டப்படுவதும் இதுவேதான். மருத்துவர் மில்லிமீட்டர் கோடுகள் போட்ட மெல்லிய உலோகக் கம்பி ஒன்றை ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் மெதுவாக இறக்குவார். ‘புரோப்’ என்னும் அந்தக் கருவியைக் கன்னத்துப் பக்கம் மூன்று இடங்களிலும் நாக்குப் பக்கம் மூன்று இடங்களிலுமாக ஒரு பல்லுக்கு ஆறு இடங்களில் வைத்து அளக்க வேண்டும். 28 பல் உள்ளவருக்கு 168 அளவுகள் எழுதப்பட்டிருக்கும். ஒருவர் சொல்ல மற்றொருவர் எழுதுவார். கால் மணி நேரமாவது பிடிக்கும்.

1 முதல் 3 மி.மீ. வரை இருந்து, தொட்டதும் இரத்தம் வராமல் இருந்தால் அந்த இடம் நலமாக இருக்கிறது. 4 மி.மீ. முதல் கவனம் தேவை. 6 மி.மீ.க்கு மேல் போனால் அது ஆழமான பை. அளவோடு சேர்த்து, கம்பி பட்ட இடத்தில் இரத்தம் கசிந்ததா, சீழ் வந்ததா, ஈறு எத்தனை மி.மீ. கீழிறங்கியுள்ளது, பல் ஆடுகிறதா, கடைவாய்ப்பல்லின் வேர்கள் பிரியும் கவட்டில் கம்பி நுழைகிறதா என்பவையும் குறிக்கப்பட வேண்டும். எலும்பின் உயரத்தைப் பார்க்க எக்ஸ்ரே அவசியம். முழுத் தாடையையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி பொதுவான நிலையைச் சொல்லும். சந்தேகமான பற்களுக்குச் சிறிய படங்கள் தெளிவாக இருக்கும். 2018இல் வெளியான உலகளாவிய வகைப்பாட்டின்படி, இவற்றைக் கொண்டு நோயின் தீவிரம் ஒன்று முதல் நான்கு நிலைகளாகவும், அது முன்னேறும் வேகம் மூன்று தரங்களாகவும் பிரிக்கப்படுகிறது.

அளவை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. சுவீடனில் லிண்டே என்பவரும் அவருடைய குழுவினரும் 1982இல் ஒரு கணக்கை வெளியிட்டனர். பையின் ஆழம் ஏறத்தாழ 2.9 மி.மீ.க்குக் குறைவாக உள்ள இடத்தில் வேரைச் சுரண்டினால், ஈறின் பிடிப்பு கூடுவதற்குப் பதிலாகக் குறைகிறது. அதற்கு மேற்பட்ட ஆழத்தில்தான் பிடிப்பு கூடுகிறது. ஈறுப்பையே இல்லாதவருக்குச் செய்யப்படும் ஆழ்சுத்தம் வீண் செலவோடு நிற்காமல் ஈறுக்கும் தீங்கு செய்யும் என்பது இதன் பொருள். ஈறுக்கு மேலுள்ள காரையை மட்டும் அகற்றும் சாதாரண ஸ்கேலிங் போதுமானவருக்கு அதையே செய்ய வேண்டும். ஆகையால் உங்களுக்கு ஆழ்சுத்தம் தேவை என்று சொல்லப்பட்டால், ‘எந்தெந்தப் பற்களில் எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது டாக்டர்?’ என்று தயங்காமல் கேளுங்கள். அளவு எழுதிய தாளைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கேள்வியை நல்ல மருத்துவர் எவரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

மிதமான நோயைப் பொதுப் பல் மருத்துவரே கையாளலாம். பல இடங்களில் 6 மி.மீ.க்கு மேல் ஆழம் இருந்தாலோ, இளம் வயதிலேயே பல் ஆடினாலோ ஈறு நோய்ச் சிறப்பு மருத்துவரைப் பார்ப்பது நல்லது. பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கெனத் தனித்துறை உண்டு. அங்கே கூடுதல் நேரம் காத்திருக்க நேர்ந்தாலும் அளவெடுப்பு முறையாக நடக்கும்.

இரண்டாம் படி: மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை, வீட்டில் தொடங்க வேண்டியவை

வாய்க்கும் மற்ற உடம்புக்கும் தொடர்பில்லை என்று எண்ணிச் சில விவரங்களைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். செயற்கை இதய வால்வு பொருத்தியவர்களுக்கும், முன்பு இதய உள்ளுறையில் தொற்று வந்தவர்களுக்கும், ஈறைக் கிளறும்போது இரத்தத்தில் கலக்கும் கிருமிகள் ஆபத்தானவை. அவர்களுக்குச் சிகிச்சைக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் ஆன்டிபயாடிக் தரப்படும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்; தாமாக நிறுத்தவே கூடாது, ஏனெனில் ஈறில் வரும் இரத்தத்தை அழுத்தி நிறுத்தலாம், மூளைக்குப் போகும் இரத்தக்குழாயில் அடைப்பு வந்தால் அப்படிச் சரிசெய்ய முடியாது. இரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் அம்லோடிபின், வலிப்புக்குச் சாப்பிடும் பெனிடாயின் ஆகியவை சிலருக்கு ஈறைத் தடிக்கச் செய்யும் என்பதால் மருந்துச் சீட்டைக் கையோடு கொண்டு போங்கள். பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும் எலும்புத் தேய்வுக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு நான்கு முதல் ஆறாம் மாதம் வரை வசதியான காலம்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இதில் தனி அக்கறை வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் முற்றும். ஈறில் தீராத அழற்சி இருந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகும். ஈறு சிகிச்சைக்குப் பின் மூன்று, நான்கு மாதங்களில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியான எச்பிஏ1சி அளவு சராசரியாக 0.43 புள்ளி குறைந்ததை 2022இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு காட்டியது. ஒரு மாத்திரையைக் கூட்டாமலேயே கிடைக்கும் இந்தப் பயனைப் பற்றி நீரிழிவு நோயாளிகளில் பெரும்பாலோருக்கு யாரும் சொல்வதில்லை என்பது என் வருத்தம்.

புகைப்பவர்களின் ஈறில் இரத்தக்குழாய்கள் சுருங்குவதால் இரத்தக் கசிவு குறைவாகவே தெரியும். நோய் உள்ளே முற்றுவதை அது மறைத்துவிடும். சிகிச்சைக்குப் பிறகு ஆறுவதும் அவர்களுக்குத் தாமதம். வாயில் அடக்கும் புகையிலை, வைத்த இடத்து ஈறையே கீழிறக்கும். நிறுத்துவதற்கு உகந்த நாள் சிகிச்சை தொடங்கும் நாள்தான்.

ஐரோப்பிய ஈறு நோயியல் கூட்டமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டி, ஆழ்சுத்தத்தையே இரண்டாவது படியாக வைத்திருக்கிறது. முதலாவது படியில், நோயாளி சரியாகத் துலக்கக் கற்றுக்கொள்வதும், புகை, சர்க்கரை போன்ற காரணிகளைக் கட்டுப்படுத்துவதும், ஈறுக்கு மேலுள்ள காரையை அகற்றுவதும் அடங்கும். இது நியாயமான வரிசை. வாசலைக் கூட்டாதவர் வீட்டில் உள்ளறையை மட்டும் கழுவிப் பயனில்லை.

மூன்றாம் படி: ஆழ்சுத்தம் செய்யும் நாள்

வழக்கமாகச் சாப்பிட்டுவிட்டு, வழக்கமான மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு போங்கள். வெறும் வயிறு தேவையில்லை. வாயை நான்கு பகுதிகளாகப் பிரித்து, ஒரு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு பகுதிகளாகச் செய்வது நெடுங்கால வழக்கம். பகுதிக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். முழு வாயையும் 24 மணி நேரத்துக்குள் முடிக்கும் முறையும் உண்டு. பலனில் இரண்டும் ஏறத்தாழச் சமம் என்பதால், உங்கள் உடல்நிலைக்கும் விடுப்புக்கும் ஏற்றதைத் தேர்ந்தெடுக்கலாம்.

முதலில் மரத்துப்போகும் ஊசி போடப்படும். மேல்தாடையில் பல்லுக்குப் பக்கத்திலேயே போட்டால் போதும். கீழ்த்தாடைக்குக் கடைசிப் பல்லுக்குப் பின்னால் நரம்பருகே போடுவதால், அந்தப் பக்கத்து உதடும் நாக்கின் பாதியும் சேர்ந்து மரத்துப்போகும். ஊசியைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொள்ளாதீர்கள். வலிக்கு அஞ்சி நோயாளி நெளிந்தால், மருத்துவரின் கை பையின் அடி வரை போகாது. அடியில் விட்டுப்போகும் காரையே பின்னால் தொல்லை கொடுக்கும்.

அடுத்து அல்ட்ராசோனிக் கருவி வரும். அதன் மெல்லிய முனை விநாடிக்குச் சுமார் 25,000 முதல் 40,000 தடவை அதிர்ந்து காரையை உடைக்கும். கூடவே பீய்ச்சும் நீர் சூட்டைத் தணித்து, உடைந்ததை வெளியே கொண்டு வரும். இந்தச் சத்தமும் நீரும்தான் ‘இனாமல் தேய்ந்துவிடும்’ என்ற அச்சத்தை மக்களிடம் வளர்த்தவை. முனையைச் சரியான கோணத்தில் வைத்து இயக்கினால் பல்லுக்குக் கேடில்லை.

அதன்பின் கைக்கருவியின் நுண்ணிய வேலை. ‘கியூரெட்’ எனப்படும் அந்தக் கருவி கூரான ஓரம் கொண்ட சிறு கரண்டி போன்றது. கிரேசி என்ற அமெரிக்கப் பல் மருத்துவரின் பெயரால் வழங்கும் வரிசையில் ஒரு ஓரம் மட்டுமே வேலை செய்யும், ஒவ்வொரு எண்ணும் ஓரிடத்துக்கென்றே வளைக்கப்பட்டது: முன்பற்களுக்கு 5/6, கடைவாய்ப்பல்லின் முன்பக்கத்துக்கு 11/12, பின்பக்கத்துக்கு 13/14. மருத்துவர் அதைப் பையின் அடிவரை இறக்கி, வேரோடு ஒட்டிப் பிடித்து, மேல்நோக்கிச் சிறு சிறு இழுப்புகளாக இழுப்பார். கண்ணால் பார்க்க முடியாத இடம் என்பதால் விரல் நுனியின் உணர்வே வழிகாட்டி. காரை இருந்தால் மணலில் உரசுவது போலவும், போனபின் வழவழப்பாகவும் கைக்குத் தெரியும். முன்காலத்தில் வேரின் மேலடுக்கையே சீவி எடுத்துக் கண்ணாடி போல் ஆக்க வேண்டும் என்று கருதினார்கள். கிருமிகளின் நச்சு வேரின் மேற்பரப்பில் தளர்வாகவே ஒட்டியிருக்கிறது என்று தெரிந்த பிறகு, காரையையும் படலத்தையும் மட்டும் அகற்றி வேரை விட்டுவைப்பதே முறை என்றாகிவிட்டது.

சில இடங்களில் கூடுதலாக லேசர் செய்யலாம் என்பார்கள். மேற்சொன்ன ஐரோப்பிய வழிகாட்டி, ஆழ்சுத்தத்தோடு லேசரைச் சேர்க்கப் பரிந்துரைக்கவில்லை. ஆன்டிபயாடிக் மாத்திரைகளையும் எல்லோருக்கும் வழக்கமாகக் கொடுக்கக் கூடாது என்றே அது சொல்கிறது. இளம் வயதில் வேகமாக முற்றும் நோய் போன்ற சில நிலைகளுக்கு மட்டுமே அவை பொருந்தும். சுத்தம் எதுவும் செய்யாமல் மாத்திரை மட்டும் எழுதித் தருவது ஈறு நோய்க்குச் சிகிச்சையே ஆகாது.

நான்காம் படி: முதல் இரண்டு வாரங்கள்

மரமரப்பு இரண்டு மூன்று மணி நேரம் நீடிக்கும். அதுவரை சூடான காபியும் மெல்லும் உணவும் வேண்டா. உதட்டைக் கடித்துக்கொள்ளவோ சுட்டுக்கொள்ளவோ நேரும். அன்று தயிர்சாதம், இட்லி, ஆறிய கஞ்சி போன்றவை போதும். எச்சிலில் ஓரிரு நாள் இளஞ்சிவப்பாக இரத்தம் தெரிவது இயல்பு. பாராசிட்டமால் அளவிலேயே வலி அடங்கிவிடும். காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வீக்கம், பஞ்சை வைத்து அழுத்தியும் நிற்காத இரத்தம், சீழ் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

0.2 விழுக்காடு குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு நீரை மருத்துவர் எழுதிக் கொடுத்தால், 10 மி.லி. அளவில் ஒரு நிமிடம் வைத்திருந்து காலையும் இரவும் கொப்பளிக்க வேண்டும். பற்பசைக்கும் இதற்கும் அரை மணி இடைவெளி விடுங்கள். பற்பசையில் உள்ள நுரைப்பொருள் இதன் ஆற்றலைக் குறைக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் தாமாக நீட்டிக்கக் கூடாது. பல்லில் பழுப்புக் கறை படியும், நாக்கின் சுவை மாறும். வெதுவெதுப்பான உப்புநீர் இதமாக இருக்கும். நல்லெண்ணெய் கொப்பளிப்பதும் கிராம்பெண்ணெய் தடவுவதும் ஈறுப்பையின் அடிக்குப் போவதில்லை. கிராம்பு வலியை மட்டும் மறைத்து நாளைக் கடத்திவிடும்.

இந்தக் காலத்தில்தான் பலர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். என் தாயாருக்குக் கீழ்வரிசை முன்பற்களில் சுத்தம் செய்த மறுநாள், ‘பல்லெல்லாம் சந்து விழுந்துபோச்சு, நன்றாக இருந்ததைக் கெடுத்துவிட்டார்கள்’ என்று அழாத குறையாகச் சொன்னார். கண்ணாடியில் காட்டி விளக்கியபோதுதான் புரிந்தது: அந்தச் சந்துகளில் அதுவரை இருந்தது பல் இல்லை, காரை. அது போனதும் உண்மையான இடைவெளி தெரிந்தது. வீக்கம் வற்றி ஈறு சுருங்குவதால் பல் நீளமாகத் தெரிவதும், குளிர்ந்த நீர் பட்டால் கூசுவதும் இதே காரணத்தால்தான். கூச்சம் பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். கூச்சத்துக்கான பற்பசை உதவும். காரையின் அணைப்பில் நின்ற பல் முதல் சில நாள் கூடுதலாக ஆடுவது போலத் தோன்றலாம். அழற்சி வற்ற வற்றப் பிடிப்பு இறுகும். ‘சுத்தம் செய்ததால்தான் பல் விழுந்தது’ என்று ஊரில் சொல்லப்படும் கதைகளில் பெரும்பாலானவை, எலும்பு முன்பே போய்விட்ட பற்களைப் பற்றியவை.

ஐந்தாம் படி: வீட்டில் உங்கள் கை செய்ய வேண்டியது

சுத்தம் செய்த பையில் கிருமிகள் சில வாரங்களில் மீண்டும் குடியேற முயலும். மிருதுவான பிரஷ்ஷைப் பல்லும் ஈறும் சேரும் கோட்டில் 45 பாகைச் சாய்வில் வைத்து, இழைகளின் நுனி ஈறோரத்தில் லேசாக நுழையும்படி சிறு அதிர்வாக அசைத்து, பிறகு பல்லின் கடிக்கும் பக்கம் நோக்கி வழித்துவிட வேண்டும். குறுக்கே அழுத்தித் தேய்ப்பது, வெளிப்பட்டிருக்கும் மிருதுவான வேரில் பள்ளம் பறிக்கும். கரித்தூளும் செங்கற்பொடியும் இனி அறவே ஆகா.

பிரஷ்ஷைவிட முக்கியமானது பல்லிடுக்கு. ஈறு கீழிறங்கிய வாயில் நூலைவிடச் சிறு புட்டித் தூரிகை வடிவிலான இடுக்கு பிரஷ் நன்றாக வேலை செய்யும். இடுக்குக்கு இடுக்கு அளவு மாறும். உள்ளே போகும்போது திணிக்க வேண்டியிராமல், அதே சமயம் இழைகள் இரு பக்கமும் உரசும்படி இருக்க வேண்டும். உங்கள் இடுக்குகளுக்கு எந்த நிற அளவு பொருந்தும் என்பதை மருத்துவரே வாயில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். இரவு படுக்குமுன் ஒரு முறை போதும். முதல் வாரம் இரத்தம் வந்தால் நிறுத்திவிடாதீர்கள். தொடர்ந்தால்தான் அது நிற்கும்.

ஆறாம் படி: மீண்டும் அளவெடுத்தல்

ஆறு வாரம் முதல் மூன்று மாதத்துக்குள் முன்பு அளந்த அதே இடங்களை மீண்டும் அளக்க வேண்டும். அதற்கு முன் அளந்தால் ஈறு ஆறியிருக்காது. எதிர்பார்ப்பு எவ்வளவு என்பதையும் அறிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய வழிகாட்டிக்காகச் செய்யப்பட்ட தொகுப்பாய்வில், ஆறு முதல் எட்டு மாதத்தில் பையின் ஆழம் சராசரியாக 1.7 மி.மீ. குறைந்தது, ஆழமான பைகளில் 2.6 மி.மீ. வரை குறைந்தது, பைகளில் 74 விழுக்காடு மூடிக்கொண்டன. இந்தக் குறைவில் ஒரு பகுதி ஈறு சுருங்கியதால் வருவது. மற்றொரு பகுதி, ஈறின் உட்தோல் வேரோடு மீண்டும் ஒட்டிக்கொள்வதால் வருவது.

4 மி.மீ.க்குள் வந்து, இரத்தமும் நின்றிருந்தால் அந்த இடம் மூடியதாகக் கொள்ளலாம். 4, 5 மி.மீ. அளவில் இரத்தம் கசியும் இடங்களை மட்டும் மறுபடியும் சுத்தம் செய்வார்கள். 6 மி.மீ.க்கு மேல் நின்றுவிட்ட பைகளுக்கும், வேர்க்கவட்டுப் பள்ளங்களுக்கும் ஈறைத் திறந்து நேரே பார்த்துச் செய்யும் ஃபிளாப் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். ஆழ்சுத்தமும் வீட்டுப் பராமரிப்பும் செய்து பார்க்கும் முன்பே அறுவைக்கு நாள் குறிக்கப்பட்டால், இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பது உங்கள் உரிமை.

அதன்பின் முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வர வேண்டும். ஈறு நிலைபெற்ற பிறகு நோயின் தீவிரத்துக்கு ஏற்ப இடைவெளியை நீட்டலாம். ஒவ்வொரு வருகையிலும் பழைய தாளைப் பக்கத்தில் வைத்து அளப்பார்கள். இடுக்கு பிரஷ் பிடிக்கும் விதத்தைச் செய்து காட்டச் சொல்வார்கள். இரத்தம் கசிந்த இடங்களில் மட்டும் கருவி இறங்கும். மற்ற இடங்களை மெருகிட்டு அனுப்பிவிடுவார்கள். பெரும்பாலும் ஊசியே தேவைப்படாது.